ஒருமைப்பாடு என்ற போர்வையில்

மனித குலத்தின் மகத்தான கண்டுபிடிப்பு நெருப்பு என்கிறார்கள் சிலர். சக்கரம் என்கிறார்கள் வேறு சிலர். இரு சாராரும் எங்கள் மருத்துவமனையின் முன்கூடத்தில் தொங்கவிருந்த அறுகோண ஒட்டுப்போர்வையைப் பார்க்காதவர்கள். அதன் பிறப்பு, வளர்ப்பு, திறப்பு ஆகிய எல்லா நிலைகளிலும் உடனிருந்தவன் என்ற முறையிலும், மருத்துவமனையின் செய்தித் தொடர்பு அலுவலர் என்ற முறையிலும், நடந்ததை நடந்தபடி சொல்லும் தகுதி எனக்கு மட்டுமே உண்டு. செய்தித் தொடர்பு அலுவலர் ஒருவர் நடந்ததை நடந்தபடி சொல்வது அபூர்வம் என்பதால் சிறு தடுமாற்றங்கள் இருக்கலாம். பொறுத்தருள்க.

எங்கள் இயக்குநர் எப்போதும் கோட்டு அணிபவர். கோட்டுக்குள் இருப்பவருக்கு வியர்க்கும். வியர்த்தால் முடிவெடுக்க வராது. ஆகவே கட்டடத்தின் குளிர்சாதனப் பொத்தான் அவருடைய மேசைக்குப் பக்கத்துச் சுவரிலேயே பொருத்தப்பட்டிருந்தது. அவர் இருப்பது நான்காவது மாடி. அதே குழாய்தான் மூன்றாவது மாடிக்கும் போகிறது. அங்கே எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் முதுகுப்பக்கம் திறந்த மெல்லிய அங்கியில் படுத்திருப்பார்கள். அவர்கள் எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை என்பதால், அவர்களுக்கு எவ்வளவு குளிருகிறது என்பது நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்ததில்லை.

கவனத்துக்குக் கொண்டுவந்தவர் மூன்றாவது மாடியின் தலைமைச் செவிலி. கதவைத் தட்டிவிட்டு, 'வா' என்று சொல்வதற்குள் உள்ளே வந்துவிடும் வழக்கம் அவருக்கு உண்டு.

"சார், மாடியில எல்லாரும் நடுங்குறாங்க. ஏசியக் குறைங்க. இல்லன்னா போர்வை வாங்கிக் குடுங்க. இருக்கிற பழைய கம்பளி தாங்கல."

இயக்குநர் அப்போதுதான் நிர்வாகிகளுக்கான மலைவாசப் பயிற்சி முகாமிலிருந்து திரும்பியிருந்தார். முகத்தில் ஞானம் இன்னும் காயவில்லை.

"போர்வைதானே சிஸ்டர்? நானும் போர்வையப் பத்திதான் யோசிச்சிட்டிருக்கேன்," என்றார்.

செவிலி நம்பிக்கையோடு இறங்கிப் போனார். அவர் கேட்டது போர்வை. இயக்குநர் யோசித்ததும் போர்வை. ஒரே சொல்லை இருவர் வெவ்வேறு பொருளில் ஆள முடிவதுதான் நிர்வாகத்தின் அடிப்படை.

மறுவாரம் ஓர் ஆலோசகர் வந்து இறங்கினார். பயிற்சி முகாமில் இயக்குநருக்கு ஞானம் அளித்தவர் அவரே. பெயர்ப்பலகையில் 'கைவினைவழி ஒருமைப்பாட்டு வல்லுநர்' என்று இருந்தது. நாங்கள் சுருக்கமாக 'அறுகோண அம்மையார்' என்று அழைத்தோம், அவர் இல்லாதபோது.

அலுவலர் எல்லோரையும் கூட்ட அரங்கில் உட்காரவைத்து அம்மையார் கேட்டார்: "தேனீ எப்பவாவது சம்பள உயர்வு கேட்டிருக்கா?"

கணக்குப் பிரிவுத் தலைவர் மட்டும், "எங்க ரெக்கார்டுல இல்லங்க," என்றார்.

"ஏன் கேக்கல?"

"அதுக்குப் பேச வராதுங்க."

"இல்லை. அது அறுகோணத்துல வசிக்குது. அறுகோணத்துல ஒருத்தர் சுவர் இன்னொருத்தருக்கும் சுவர். அங்க புகாரே வராது."

இயக்குநர் இதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். 'புகாரே வராது' என்ற இடத்தில் அடிக்கோடு போட்டதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

திட்டம் எளிமையானது. ஒவ்வோர் அலுவலரும் மருத்துவரும் தம் 'நினைவுகள் பொதிந்த' துணியைக் கொண்டுவர வேண்டும். கெட்டியான தாளில் அறுகோணம் வெட்டி, அதன்மேல் துணியை வைத்து, ஓரங்களை மடித்து ஓட்டுத்தையல் போட வேண்டும். இப்படி ஆன சில்லுகளை விளிம்போடு விளிம்பு பொருத்தி, நூல் வெளியே தெரியாமல் இணைக்க வேண்டும். நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு. அது ஒரு பூ. பூக்கள் சேர்ந்தால் தோட்டம். தோட்டம் முடிந்ததும் தாள்களை உருவி எடுத்துவிடலாம். அனைத்தும் கையால். பகலுணவுக்குப் பின் 'ஒருமைப்பாட்டு வேளை' என்று ஒன்று அறிவிக்கப்பட்டது. அந்த வேளையில் வெளிநோயாளிகள் கீழே வரிசையில் காத்திருந்து பொறுமை என்னும் பண்பை வளர்த்துக்கொண்டார்கள்.

"மெஷின்ல தைச்சா ரெண்டே நாள்ல முடிஞ்சிடுமேம்மா," என்றார் கிடங்கு அலுவலர்.

"முடிஞ்சிடும். முடிஞ்சதுக்கப்புறம் என்ன பண்ணுவீங்க?"

"எங்க வேலையப் பாப்போங்க."

அம்மையார் அவரைப் பரிவோடு பார்த்தார். அவருக்குச் சிறப்பு வகுப்பு ஏற்பாடாயிற்று.

தாளுக்குப் பஞ்சமில்லை. முந்தைய ஆண்டு நாங்கள் அச்சிட்ட விளம்பர மடிப்பேடுகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. 'நோயாளியின் நலம் எங்கள் பொறுப்பு' என்று வந்திருக்க வேண்டியது, அச்சகத்தின் அக்கறையின்மையால் 'எங்கள் வெறுப்பு' என்று வந்துவிட்டது. நல்ல கனமான வழவழத்த தாள். வெட்டினால் அறுகோணம் வளையாமல் நின்றது. உண்மை எங்கே பயன்படும் என்று யாருக்குத் தெரியும்.

இயக்குநர் தாம் பதவியேற்ற நாளில் அணிந்திருந்த கழுத்துப்பட்டையைத் தந்தார். ஒரே ஒரு சில்லுக்குத்தான் போதும்படி இருந்தது. அதுவே தோட்டத்தின் நடுவில் வர வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. எலும்பு மருத்துவர் ஊசியை வைத்துக்கொண்டு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. "மனுஷத் தோல் இவ்வளவு அடம் பிடிக்காதும்மா. மயக்க மருந்து குடுத்துத் தைக்கலாமா?" என்று கேட்டார். கணக்குப் பிரிவுத் தலைவர் விரலில் குத்திக்கொண்டு கட்டுப்போட்டுக்கொண்டு ஒரு வாரம் காசோலையில் கையெழுத்துப் போடவில்லை. தையலால் நிறுவனத்துக்கு ஏற்பட்ட சேமிப்பு என்று அதையும் என் அறிக்கையில் சேர்த்தேன்.

நான் முதன்முதலாக வேலைக்கு அணிந்து வந்த சட்டையைக் கொடுத்தேன்.

"அது எங்கப்பா எடுத்துக் குடுத்த சட்டை," என்றாள் என் மனைவி.

"அதனாலதான் அதுல நினைவு பொதிஞ்சிருக்கு."

"அவர்கிட்டச் சொன்னீங்களா?"

"நினைவுக்கு அனுமதி வாங்கத் தேவையில்ல."

மேற்பரப்பு முடிந்தது. ஒரு சுவரையே மறைக்கும் அகலம். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கோணல்கள் தெரியவில்லை. இனி மேலே இந்தத் தோட்டம், கீழே ஒரு முழுத்துணி, இரண்டுக்கும் நடுவில் கனமாக ஏதாவது வைத்துத் தைக்க வேண்டும். நடுவில் என்ன வைப்பது என்ற கேள்வி எழுந்தது. பஞ்சு வாங்கலாம் என்றார் ஒருவர்.

"எதுக்கு வெளிய வாங்கணும்? நம்மகிட்டயே கம்பளி இருக்கே," என்றார் இயக்குநர்.

இருந்தது. மூன்றாவது மாடி நோயாளிகளின் மேல் இருந்தது.

அன்று மாலையே ஊழியர்கள் வந்து கம்பளிகளைத் திரட்டினார்கள். தலைமைச் செவிலி வாசலை மறித்து நின்றார். அவரைச் சமாதானப்படுத்த நான் அனுப்பப்பட்டேன்.

"இருந்த பழசையும் எடுத்துட்டா, இவங்களுக்கு என்னங்க சார்?"

"புதுசுக்குச் சொல்லியாச்சு சிஸ்டர்."

"எப்ப வரும்?"

"முறைப்படி வரும்."

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு வழிவிட்டார். கம்பளிகள் போர்வைக்குள் போயின. அவற்றின்மேல் பூப்பூவாகத் தையல் ஓடியது. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே கம்பளி இருப்பதே தெரியாது. அந்த வேலைப்பாட்டை அம்மையார் வெகுவாகப் பாராட்டினார். பிறகு போர்வை முன்கூடத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டப்பட்டது.

இந்த மகத்தான காலகட்டத்தில்தான் என் மாமனார், சற்றும் பொறுப்பில்லாமல், ஏணியில் ஏறி விளக்கு மாட்டப் போய்க் கீழே விழுந்தார்.

இடுப்பு எலும்பு முறிந்தது. பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர். நெரிசலில் எத்தனையோ பேரைத் தாங்கிய இடுப்பு. எங்கள் மருத்துவமனையிலேயே சேர்த்தோம். எலும்பு மருத்துவர் ஒருமைப்பாட்டு வேளை முடிந்து வந்து அறுவை சிகிச்சையைச் செம்மையாகச் செய்தார். "துணியத் தைச்சதுல கை ரொம்ப லாகவமாயிடுச்சு," என்று என்னிடம் சொன்னார். மாமனாரை மூன்றாவது மாடிக்குக் கொண்டுபோனார்கள்.

நான் பார்க்கப் போனபோது மாமனாரின் பற்கள் ஒன்றோடொன்று தந்தி அடித்துக்கொண்டிருந்தன. அருகே மனைவி தன் இரண்டு கைகளாலும் அவர் கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை, டிக்கெட் எடுக்காதவனக்கூட நிழல் இருக்கிற இடமாப் பாத்துத்தான் இறக்கிவிடுவேன்," என்றார். "நான் டிக்கெட்டும் எடுத்திருக்கேன்."

"ஏன் மாமா, ரொம்பக் குளிருதா?"

பக்கத்துப் படுக்கையில் கால் முறிந்து படுத்திருந்த பூட்டுக்காரர், "அவர விடுங்க தம்பி. எனக்குக் கட்டுக்குள்ள இருக்கிற காலுகூட நடுங்குது. அது நடுங்கக் கூடாதுன்னுதான கட்டுப் போட்டாங்க," என்றார்.

மனைவி வீட்டுக்கு ஓடிப் போய் ஒரு நல்ல கம்பளி எடுத்துவந்தாள். வாசலில் காவலர் தடுத்துவிட்டார். 'வெளித்துணிகளுக்கு அனுமதியில்லை; நோயாளியின் மேல் பட்ட துணி முன்கூடத்துக்கும், முன்கூடத்துத் துணி நோயாளியிடமும் செல்லலாகாது; கிருமி பரவும்' என்று அறிவிப்பு இருந்தது. அருமையான நடை. எழுதியது நான்தான்.

"நீங்க எழுதினதுதானே, நீங்களே மாத்துங்க," என்றாள் மனைவி.

"எழுதினவன் மாத்தறதுக்கு அது என்ன கடிதமா? விதி."

"அப்ப மேல போய்ப் பொத்தானையாவது திருப்பச் சொல்லுங்க. எங்கப்பா உதடு நீலமாயிட்டு வருது."

நான் மாடியேறினேன். பேச வேண்டியதை ஒவ்வொரு படியிலும் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். இயக்குநர் கோட்டுக்குள் உட்கார்ந்து திறப்பு விழா அழைப்பிதழைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"வாய்யா. எப்படி இருக்கு?"

அவர் கேட்டது அழைப்பிதழைப் பற்றி. நான் பதில் சொல்ல வேண்டியது என் மாமனாரைப் பற்றி. வாய் திறந்தது.

"பிரமாதம் சார்," என்றது.

கீழே இறங்கி வந்தேன். மனைவி எழுந்து நின்றாள்.

"கேட்டீங்களா?"

"சூழ்நிலை சாதகமா இல்ல."

அவள் தன் துப்பட்டாவை எடுத்து அப்பாவின் மார்பில் போர்த்தினாள். தலைமைச் செவிலி மருந்துத் தட்டோடு அங்கே நின்று எங்கள் இருவர் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்தார். தட்டை வைத்துவிட்டு மாமனாரின் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். "பூட்டுக்காரரே, கண்ணாடிப் பெட்டியில போடுற சின்னப் பூட்டு இருக்கே, அதெல்லாம் நல்ல பூட்டா?" என்று கேட்டார். பூட்டுக்காரர் சிரித்ததை நான் நோயின் அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன்.

திறப்பு விழா மறுநாள் காலை. முன்கூடத்தில் சுவரளவுக்குக் கண்ணாடிப் பெட்டி, அதன்மேல் வெல்வெட் திரை. மருத்துவமனைக் குழுமத்தின் தலைவர் நேரில் வந்திருந்தார். நான் தயாரித்த உரையை இயக்குநர் வாசித்தார். "இந்தப் போர்வையின் ஒவ்வொரு சில்லும் ஓர் இதயம். இவை ஒன்றாகத் துடிக்கின்றன," என்ற இடத்தில் இதயநோய் மருத்துவர் லேசாக இருமினார். தலைவர் கயிற்றை இழுத்தார். திரை விலகியது.

பெட்டிக்குள் ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லாததை எல்லோரும் கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்தோம். முதலில் கைதட்டியவர் அறுகோண அம்மையார். பிறகு எல்லோரும் தட்டினோம். தலைவர் கண்ணாடியருகே குனிந்து உற்றுப் பார்த்தார்.

"ரொம்ப நுட்பமான வேலை. தையலே தெரியல," என்றார்.

அத்தோடு விழா இனிதே முடிந்திருக்கும். ஆனால் தலைவர் தொடர்ந்து, "தொட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டுவிட்டார். இயக்குநருக்குக் கோட்டுக்குள் வியர்த்தது. கிடங்கு அலுவலர், கேட்கப்படாமலேயே, "சார், மூணாவது மாடியில ஒரு போர்வை பாத்தேன். ரொம்பப் பெருசா இருந்துது," என்றார். அவருக்குச் சிறப்பு வகுப்பு பலிக்கவில்லை என்பது அப்போது தெரிந்தது.

தலைவர் முன்னே, இயக்குநர் பின்னே, அம்மையார், அலுவலர்கள், நான் என்று ஊர்வலமாக ஏறினோம். இரண்டு கட்டில்களை ஒன்றாக இழுத்துப் போட்டு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே போர்வையாக விரித்திருந்தது. தோட்டத்தின் நடுவே இயக்குநரின் கழுத்துப்பட்டை பூட்டுக்காரரின் வயிற்றின்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மாமனார் வாயைத் திறந்துகொண்டு அயர்ந்து தூங்கினார். உதட்டில் நிறம் வந்திருந்தது. என் பழைய சட்டை அவர் கன்னத்துக்குக் கீழே இருந்தது. மனைவி நாற்காலியில் உட்கார்ந்தபடி, நாங்கள் வந்ததைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"சிஸ்டர், இது கலைப்பொருள்," என்றார் இயக்குநர், குரலைத் தாழ்த்தி.

"மேல இருக்கிறது கலைப்பொருள் சார். உள்ள இருக்கிறது எங்க வார்டு கம்பளி. அது அது வேலையப் பாக்குது."

"உடனே எடுத்துக் கீழ கொண்டுவாங்க."

"எடுத்துடலாம் சார். ஆனா நோயாளி மேல பட்ட துணி முன்கூடத்துக்குப் போகக் கூடாதாம். விதி இருக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இயக்குநரும் பார்த்தார், மனைவியும் பார்த்தாள்.

"விதி அப்படித்தான் சார் சொல்லுது," என்றேன்.

என் பணிக்காலத்தில் நான் துணிந்து பேசிய ஒரே வாக்கியம் அது. அதுவும் மேற்கோள்தான்.

தலைவர் இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டார். அவர் கோட்டு அணிந்து வரவில்லை. "இங்க ஏன்யா இப்படிக் குளிருது?" என்று கேட்டார்.

"ஒருமைப்பாடு சார். எல்லா மாடிக்கும் ஒரே குளிர்," என்றார் இயக்குநர்.

தலைவர் தலையாட்டினார். "இது எப்படி நடந்துதுன்னு எனக்கு ஒரு அறிக்கை வேணும்," என்று சொல்லிவிட்டு வேகமாகக் கீழே இறங்கிப் போனார். வேகம் கோபத்தாலா குளிராலா என்று எங்களால் முடிவுசெய்ய இயலவில்லை.

அன்றைக்கே தலைமைச் செவிலி சலவைப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். போர்வையும் கிருமி நீக்கத்துக்காக அதே பிரிவுக்கு அனுப்பப்பட்டது. இந்த இரண்டு ஆணைகளையும் ஒரே நாளில் பிறப்பித்தது இயக்குநரின் சுறுசுறுப்புக்குச் சான்று. போர்வை எப்போது வரும் என்று அவர் தினமும் தொலைபேசியில் கேட்பார். "இன்னும் கிருமி இருக்கு சார்," என்று பதில் வரும். சலவைக்குப் போகும் வண்டிகளில் ஒன்று நாள்தோறும் மாலையில் எதையோ மூடி எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறுவதை நான் என் அறையிலிருந்தே பார்ப்பேன். அது என் பணி வரம்புக்குள் வராததால் நிர்வாகத்துக்குத் தெரிவிக்கவில்லை.

'நோயாளிகளுக்குக் கதகதப்பு ஏற்பட்டது எவ்வாறு' என்பதை ஆராய விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. தலைமை வகித்தவர் இயக்குநர். உறுப்பினர் அம்மையார். அறிக்கை எழுதுபவன் நான். சாட்சிகளைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்ட அரங்குக்குத் தள்ளிவந்தார்கள்.

"பெட்டியோட பூட்டத் திறந்தது யாரு?" என்று இயக்குநர் கேட்டார்.

"நான் வாயால சொன்னேன்," என்றார் பூட்டுக்காரர். "அவங்க கையால திறந்தாங்க. அதுவும் கைவினைதாங்க."

அம்மையார் தம்மையறியாமல் தலையசைத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"சிஸ்டர், பின்விளைவு என்னன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் செஞ்சீங்களா?"

"வயசானவங்களுக்கு ஆபரேஷன் முடிஞ்சு உடம்பு இப்படிச் சில்லுன்னு கிடந்தா என்ன ஆகும்னும் தெரியும் சார். ரெண்டையும் வச்சுப் பாத்தேன்."

இயக்குநர் தாளைப் புரட்டினார். அடுத்து என் மாமனாரின் முறை. அவரை அவர் மருமகனே விசாரிப்பது முறையல்ல என்பதால் நான் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

"பெரியவரே, அந்தப் போர்வையப் போத்தினதுக்கப்புறம் உங்க நிலைமை எப்படி இருந்துது?"

"நல்லா குளிர் விட்டுப்போச்சுங்க."

"யாருகிட்டப் பேசுறோம்னு தெரிஞ்சு பேசுங்க," என்றார் இயக்குநர்.

"தெரிஞ்சுதாங்க பேசுறேன். இவருக்கும் குளிர் விட்டுப்போச்சு. அந்த நர்சம்மாவுக்கு எங்களுக்கு முன்னாடியே விட்டுப்போச்சு. எங்க மாப்பிள்ளையக் கேளுங்க."

இயக்குநர் என் பக்கம் திரும்பினார். "எழுதிட்டியாய்யா?"

"எழுதிட்டேன் சார்."

"என்ன எழுதியிருக்க? வாசி."

எழுந்து நின்று வாசித்தேன். "விசாரணையில் தெளிவாக நிறுவப்பட்டது யாதெனில், இம்மருத்துவமனையில் இன்றைய தேதியில் குளிர் விட்டுப்போனவர்கள் மூவர்: ஒரு நடத்துநர், ஒரு பூட்டுக்காரர், ஒரு செவிலி."

"மத்தவங்க?"

மற்றவர்கள் எல்லோரும் அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள். எலும்பு மருத்துவர், கணக்குப் பிரிவுத் தலைவர், கிடங்கு அலுவலர். ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மற்ற அனைவரும்," என்று வாசித்தேன், "இந்த அறிக்கையை எழுதுபவர் உட்பட, கோட்டுப் போட்டுக்கொண்டும் நடுங்கிக்கொண்டிருக்கிறார்கள்."